அடிபட்ட வருஷத்தின் கணக்கு

ஹாக்கி சீசன் முடிந்து டிபார்ட்மென்ட் டீம்கள் அடுத்த வருஷத்துக்கு ஆள் தேடத் தொடங்கும்போது எனக்குப் போன் வரும். சென்னையிலிருந்து யாராவது ஒரு டீம் மேனேஜர் பேசுவார். "மாஸ்டர், உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஃபார்வர்ட் ஆடுறானே, போன சீசன் அடி வாங்கினவன், அவனை எடுக்கலாமா?" கேட்கிறவர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் பையன் போட்ட கோல்களின் எண்ணிக்கை இருக்கும். முந்தின வருஷத்தில் பாதிகூடத் தேறாது. ஆளைக் குறைத்து விலை பேச அந்தத் தாளைவிட வசதியான ஆயுதம் வேறில்லை.

திருவண்ணாமலையில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஹாக்கியை இந்த ஊரின் விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தெரு ஸ்டிக் பிடிக்க இது கோவில்பட்டி இல்லை. இங்கே கபடிக்குக் கூட்டம் சேரும், கிரிக்கெட்டுக்குச் சேரும். நாங்கள் ஹாக்கி ஆடப் போனால் மைதானத்தில் மேய்கிற ஆடுகளைத்தான் முதலில் ஓட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் நல்ல பையன்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பெரும்பாலும் ஃபார்வர்டுகள். காரணம் எளிது. மண் தரையில் ஆடும்போது வேகமாக ஓடுகிறவனை எந்த வாத்தியாரும் முன்னால்தான் நிறுத்துவார். அவர்களைக் கூட்டிக்கொண்டு மாவட்டச் செலக்‌ஷன், மண்டலச் செலக்‌ஷன் என்று போய், பிறகு நானே செலக்‌ஷன் கமிட்டிகளில் உட்கார்ந்து, அதற்கப்புறம் டிபார்ட்மென்ட் டீம்களுக்கு ஆள் பார்த்துச் சொல்கிறவனாகவும் ஆகிவிட்டேன். சம்பளமில்லாத வேலை. பஸ் செலவு சில சமயம் கிடைக்கும்.

ஃபார்வர்ட் என்றால் கோல் போடுகிறவன் என்று ஊரே நினைக்கிறது. ஹாக்கியில் அந்தக் கணக்கு பாதிதான் சரி. கோல்களில் பெரும் பங்கு பெனால்டி கார்னரில் விழும். அது டிராக் ஃபிளிக் அடிக்கிற டிஃபெண்டர் பேரில் போய்ச் சேரும். அந்தக் கார்னரை வாங்கிக் கொடுத்தவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில் இருக்காது. கோலுக்கு முன்னாலிருக்கிற 'டி' வட்டத்துக்குள் புகுந்து, டிஃபெண்டர் காலில் பாலைத் தட்டிவிட்டு அம்பயரைப் பார்க்கிறானே, அவன்தான் அந்தக் கோலுக்குப் பாதி சொந்தக்காரன். இந்தியாவின் மிக வேகமான ஃபார்வர்டுகளில் ஒருவரான எஸ்.வி. சுனில் 264 சர்வதேச ஆட்டங்களில் 72 கோல் போட்டார். ஏறக்குறைய நாலு ஆட்டத்துக்கு ஒன்று. அந்தக் கணக்கை மட்டும் தாளில் எழுதி ஒரு மேனேஜரிடம் நீட்டினால், "வேற ஆள் காட்டுங்க மாஸ்டர்" என்பார். ஆசிய ஹாக்கிக் கூட்டமைப்பு 2016-ன் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்ததும் இதே சுனிலைத்தான்.

அதனால் கோல் குறைந்த வருஷம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் அந்த வருஷத்தை மூன்றாக வெட்டிக் கேட்பேன். அடிபடுவதற்கு முன் எத்தனை ஆட்டம்? அடியை மறைத்துக்கொண்டு ஆடியது எத்தனை? திரும்பி வந்து ஆடியது எத்தனை?

நடுவில் இருக்கிற அந்தத் துண்டைத்தான் யாரும் கேட்பதில்லை. பையன்கள் அடியை மறைப்பார்கள். இதில் அவர்களைத் திட்டிப் பயனில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதற்கு ஒரு சர்டிபிகேட். அந்தச் சர்டிபிகேட்டுக்கு இந்த டோர்னமென்டில் ஆடியே தீர வேண்டும் என்கிற நிலையில் இருபது வயசுப் பையன் "தொடை பிடிக்குது" என்று கோச்சிடம் வாயைத் திறப்பானா? வீட்டில் அப்பா வேட்டவலம் ரோட்டில் டயர் கடையில் நிற்கிறார். தங்கச்சி காலேஜில் படிக்கிறாள். பையன் கிரேப் பாண்டேஜை இறுக்கிச் சுற்றி, அதற்கு மேல் ஸ்டாக்கிங்ஸை இழுத்துவிட்டு ஆடுவான். அந்த வாரங்களில் அவன் ஆட்டம் படுத்துவிடும். ஓடுவான், ஆனால் முழு வேகத்துக்குப் போக மாட்டான். 'டி'யின் ஓரத்திலேயே நின்று பால் கேட்பான். ஷூட் பண்ண வேண்டிய இடத்தில் பாஸ் கொடுப்பான். ஒரு சீசனின் மானத்தை வாங்கிய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி இந்த மறைத்து ஆடிய ஆட்டங்களாகத்தான் இருக்கும். அவற்றை வைத்து அவன் திறமையை எடை போடுவது நியாயமில்லை. அவன் வறுமையை வேண்டுமானால் எடை போட்டுக்கொள்ளலாம்.

அடிபடுவதற்கு முன் ஆடிய சில ஆட்டங்களும், திரும்பி வந்தபின் ஆடிய கடைசிச் சில ஆட்டங்களும்தான் எனக்கு வேண்டும். இப்போது எல்லா டோர்னமென்டையும் யாராவது போனில் எடுத்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள், நல்லதாய்ப் போயிற்று. படம் ஆடும், கேமரா பிடிக்கிறவர் பக்கத்து ஆளோடு பேசுவது கேட்கும், பரவாயில்லை. நான் பாலைப் பார்ப்பதில்லை. பால் மைதானத்தின் அந்தப் பக்கம் இருக்கும்போது நம் பையன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். தன் டிஃபெண்டரைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடி நடுவில் இடம் உண்டாக்குகிறானா, எதிராளி பாலை வெளியே எடுக்கும்போது வழியை மறிக்கிறானா, பாலை இழந்தவுடன் திரும்பி ஓடி வருகிறானா. கோல் விழுவதும் விழாததும் ஒரு சீசனில் பாதி அதிர்ஷ்டம். ஒரு ஃபார்வர்டுக்குச் சுத்தமான வாய்ப்பு கிடைப்பதே குறைவு; அதில் இரண்டு போஸ்டில் பட்டுத் திரும்பினால் கணக்கே மாறிவிடும். பாலில்லாத ஓட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. ஓடினால் ஓடினான், இல்லையென்றால் இல்லை.

எந்த நிமிஷத்தில் ஓடினான் என்பதும் முக்கியம். ஆட்டம் பதினைந்து பதினைந்து நிமிஷமாக நாலு குவார்ட்டர். ஃபார்வர்டுகளை நாலைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, மூச்சு வாங்கவிட்டுத் திரும்ப உள்ளே அனுப்புவார்கள். காயத்திலிருந்து வந்தவன் முதல் குவார்ட்டரில் சிங்கமாக இருப்பான். மூன்றாவது குவார்ட்டரில் கோச் அவனை வெளியே எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்ப எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்று பார்ப்பேன். கோச்சுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அவர் தயங்கினால் அதில் ஏதோ இருக்கிறது.

படம் பார்த்தது போதாது, பையனை நேரில் பார்க்க வேண்டும். சமீபத்தில் அப்படி ஒருவனை வரச் சொன்னேன். வலது தொடையின் பின்தசை, ஹாம்ஸ்ட்ரிங், கிழிந்து மூன்று மாதம் வெளியே இருந்தவன். காலை ஆறு மணிக்கே வந்துவிட்டான். கோன் கொண்டுவரவில்லை, இரண்டு ஜோடிச் செருப்பை முப்பது மீட்டர் இடைவெளியில் போட்டு ஓடவிட்டேன். ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாரும் ஓட்டத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். முழு வேகத்தில் வந்து செருப்பண்டை நில் என்றேன். வலது காலை ஊன்றி நிற்பதற்கு முன் நாலு குட்டி அடி எடுத்து வைத்தான். இடது காலை ஊன்றி நிற்கும்போது இரண்டு அடி போதுமாக இருந்தது.

அடுத்து, அவனுக்குச் சற்று எட்டாத தூரத்தில் பாலை உருட்டிவிட்டு, பாய்ந்து முன்காலை நீட்டி ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்துப் பிடிக்கச் சொன்னேன். தூர போஸ்டில் டிஃப்ளெக்‌ஷன் கோல் போடுகிறவன் இதைத்தான் செய்வான். அப்போதுதான் பின்தசை முழு நீளத்துக்கு இழுபடும். வலது காலை நீட்ட வேண்டிய பாலுக்கும் அவன் அடியை மாற்றி இடது காலையே நீட்டினான்.

"வலிக்குதாடா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் அந்தக் காலையே போடுற?"

"தெர்ல சார். அதுவா வருது."

பொய் சொல்லவில்லை. கால் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இனி கேள்வி, அது பயமா, பலக்குறைவா? பயமென்றால் ஆட ஆடப் போய்விடும். பலக்குறைவென்றால் ஆட ஆடத் திரும்பக் கிழியும். ஹாம்ஸ்ட்ரிங்கில் ஒரு தரம் கிழிந்தவனுக்கே மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், அதுவும் திரும்பி வந்த முதல் சில வாரங்களிலேயே என்று எந்த பிசியோவைக் கேட்டாலும் சொல்வார். அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒற்றைக் குதிகாலைச் சிமென்ட் படிமேல் ஊன்றி, மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு இடுப்பை மேலே ஏற்றி இறக்கச் சொன்னேன். முடியாது என்று விழும்வரை. பிறகு மற்றக் கால். எந்த மெஷினும் வேண்டாத சோதனை இது. இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைக்கு வந்தன. பயம்தான். எனக்கு நிம்மதி.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அடிபட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எலும்பு முறிந்தால் பஸ் ஏறி ஆந்திராவில் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் வாதாடுவதில்லை. ஆனால் தசை கிழிந்த இடத்தில் முதல் சில நாளிலேயே சூடாக எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவிவிடுவது இருக்கிறதே, அது கெடுதல். உள்ளே கசிகிற ரத்தம் கூடும். மோசமான அடியில் தசைக்குள்ளேயே எலும்பு மாதிரிக் கட்டி தட்டிப்போகவும் கூடும். பையனிடம் நான் கேட்கிற கேள்விகளில் முதல் கேள்வி, "உருவி விட்டாங்களா?"

இன்னொன்று கிரிவலப் பாதை. திரும்பி வருகிற பையன்களெல்லாம் பலத்தைக் கூட்டுகிறேன் என்று அதில் ஓடத் தொடங்கிவிடுவார்கள். பதினாலு கிலோமீட்டர், விடியற்காலையில் காற்று நன்றாக இருக்கும், அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்கிற நம்பிக்கை வேறு. நடக்கிறவர்களுக்குப் போட்ட பாதை அது. கெட்டியான தரையில் ஒரே சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி பிடிக்கும். ஃபார்வர்டுக்கு வேண்டிய வேகமோ அதில் வராது. அவனுக்கு வேண்டியது பத்து மீட்டர், இருபது மீட்டர் பாய்ச்சல், நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்ச்சல். பௌர்ணமி அன்றைக்கு ஓடவும் முடியாது, கூட்டம். ஒருநாள் ஓய்வாவது எடுக்கிறார்களே என்று பௌர்ணமி வந்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

காயத்தின் ஜாதியை வைத்தும் மதிப்பு மாறும். முழங்காலில் ஏ.சி.எல். லிகமென்ட் அறுந்து ஆபரேஷன் ஆனவன் ஒன்பது மாதம் ஆகுமுன் திரும்பி வந்தான் என்றால் நான் மகிழ மாட்டேன்; சீக்கிரம் வருகிறவர்களுக்குத்தான் மறுபடி அறுகிறது. முதுகு வேறு சமாச்சாரம். ஆட்டம் முழுக்கக் குனிந்தே ஓடுகிற விளையாட்டு ஹாக்கி. முதுகு போனவனை எல்லாரும் கைகழுவிவிடுவார்கள். ஜலந்தரைச் சேர்ந்த சுக்ஜீத் சிங்கை 2018-ல் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இந்திய முகாமுக்கு அழைப்பு வந்த நேரத்தில் முதுகில் அடி, வலது கால் தற்காலிகமாகச் செயலிழந்தே போனது, மாதக்கணக்கில் படுக்கை. அப்பா முன்னாள் ஹாக்கி ஆட்டக்காரர், அவர்தான் தேற்றியிருக்கிறார். 2022-ல் இந்திய அணிக்குள் வந்தார், 2023 உலகக் கோப்பையில் ஆடினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய அணியில் ஃபார்வர்ட். அவர் ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. அவர் முதலீடு வெறும் வேகத்தில் இல்லை. உடம்பைப் பாலுக்கும் டிஃபெண்டருக்கும் நடுவில் வைப்பது, எதிராளியை விடாமல் மறித்துத் துரத்துவது, சரியான இடத்தில் போய் நிற்பது. இதெல்லாம் படுக்கையில் கிடந்தாலும் தேயாத சரக்கு.

சுனில் கதை இதற்கு நேரெதிர். 2007-ல் சென்னையில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்குள் வந்தவர் அவர். எழும்பூர் ஸ்டேடியத்தில் அந்த ஃபைனலில் கொரியாவை 7-2 என்று இந்தியா புரட்டிப் போட்டது. குடகு மலைக்காரர். அவர் சொத்து முழுக்க வேகம். வலது ஓரத்தில் பாலைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் டிஃபெண்டர் அவர் முதுகைத்தான் பார்ப்பார். 2018 அக்டோபரில் புவனேஸ்வர் முகாமில் முழங்காலில் அடிபட்டு, சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையே கைநழுவியது. அதே வருஷம் ஜூனில் நெதர்லாந்தில் சாம்பியன்ஸ் டிராபியில் ரமன்தீப் சிங்குக்கும் முழங்கால் போயிருந்தது. இரண்டு ஃபார்வர்டுகள் இல்லாமல் ஆடிய இந்தியா காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றது. சுனில் 2019-ல் திரும்பி வந்தார். நவம்பரில் ரஷ்யாவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் கோலும் போட்டார். கோல் தாளைப் பார்த்தால் ஆள் தேறிவிட்டார். ஆனால் வயசு முப்பதைத் தாண்டியிருந்தது. நடுவில் கொரோனாவால் ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப்போனது. டோக்கியோ அணியில் அவர் பெயர் இல்லை; 2021 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார். அந்த முடிவு நெஞ்சைச் சுட்டது. ஆனால் கமிட்டியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். வேகத்தை நம்பி வாழ்கிற விங் ஃபார்வர்டுக்கு முப்பதுக்கு மேல் முழங்காலில் அடிபட்டால், திரும்பி வருகிற வேகம் பழைய வேகத்தைவிட ஓரடி குறைவாகத்தான் இருக்கும். அந்த ஓரடிதான் அவருடைய தொழில்.

ராணி ராம்பால் விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. டோக்கியோவில் பெண்கள் அணியை நாலாவது இடம்வரை கொண்டுபோன கேப்டன். அதன் பிறகு ஹாம்ஸ்ட்ரிங். 2022 உலகக் கோப்பை அணியில் இடமில்லை, காமன்வெல்த் போட்டியிலும் இல்லை. 2023 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு எடுத்தார்கள். போனார், ஆடினார். அதோடு சரி, அணியில் நிலைக்க விடவில்லை. 2024 அக்டோபரில் விடைபெற்றார். ராணி ஓட்டத்தை நம்பியவர் இல்லை. இடமறிந்து பாலை வாங்குகிறவர், திரும்புகிறவர், பக்கத்து ஆளை ஆட வைக்கிறவர். அப்படிப்பட்ட ஃபார்வர்டுக்குக் காயத்துக்குப் பிறகு தேய்மானம் குறைவு என்பது என் கட்சி. உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவருக்கு இன்னும் ஒரு முழு வருஷம் கொடுத்திருக்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.

பெரிய இடத்தில் இந்த மதிப்பீட்டுக்கு லட்சங்களில் விலை உண்டு. 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது ஃபார்வர்ட் அபிஷேக் 72 லட்சத்துக்குப் போனார். எல்லாருக்கும் மேலே ஹர்மன்பிரீத் 78 லட்சம். அவர் டிராக் ஃபிளிக் அடிக்கிற டிஃபெண்டர் என்பதைக் கவனியுங்கள். ஏலத்தில் கை தூக்குகிறவர்களிடம் ஜி.பி.எஸ். கணக்கு, ஸ்கேன் எல்லாம் இருக்கும். எங்கள் பையன்களுக்கு மாதம் சில ஆயிரம் ஸ்டைபண்ட்; ஸ்கேன் எடுக்கவே அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் செருப்பும் சிமென்ட் படியும்.

அந்த ஹாம்ஸ்ட்ரிங் பையனுக்காக என்னிடம் கேட்ட மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பிள்ளை. "பழைய ஸ்டைபண்டில் பாதி தர்றோம் மாஸ்டர், தேறினா ஏத்திக்கலாம்" என்றார். பாதி கொடுத்தால் அவன் சாயங்காலம் எங்காவது டெலிவரி வண்டி ஓட்டுவான், அந்தக் காலோடு மறுநாள் உங்கள் பிராக்டிசுக்கு வருவான் என்றேன். பழைய தொகையையே கொடுங்கள், கான்ட்ராக்டை ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் போடுங்கள். நஷ்டம் வந்தால் உங்களுக்கு ஒன்றுதான். பையனுக்கோ வித்தியாசம் பெரிது. வயசு இருபத்திரண்டு. காலில் பலம் இருக்கிறது. பயம் இருக்கிறது, அது கொஞ்ச நாளில் இறங்கிவிடும். பாலில்லாத ஓட்டம் போகவே இல்லை, படத்தில் பார்த்தேன்.

"ஆனா ஒண்ணு, மொதல்ல கொஞ்ச வாரம் அடுத்தடுத்த நாள் ஆட விடாதீங்க."

"மாஸ்டர், டோர்னமென்ட்னா தெனமும் மேட்ச். நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. நம் ஊர் டோர்னமென்டுகளில் இடைவெளி விட்டு ஆட்டம் வைக்க லாட்ஜ் வாடகை இடம் கொடுக்காது. அணியில் ஃபார்வர்டுகளை ஒரு ஆள் கூட்டி எடுத்துக்கொள்ளுங்கள், டிஃபெண்டர் ஒருத்தரைக் குறையுங்கள், இவனை ஒன்றுவிட்டு ஒருநாள் முழுசாக ஆட விடுங்கள், மற்ற நாளில் கடைசிக் குவார்ட்டருக்கு மட்டும் இறக்குங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். மறுநாள் அவரே கூப்பிட்டு, எந்த டிஃபெண்டரைக் குறைப்பது என்று கேட்டார்.